ஹெவிவெயிட் வரலாற்றில் வலுவான குத்து யாருடையது? சென்னை மேடையில் நின்ற இரு சாட்சிகள்

தம்பானூர் (திருவனந்தபுரம்): குத்துச்சண்டை மாவீரர் முகமது அலி 2016 ஜூன் 3 அன்று அமெரிக்காவில் காலமானார். தம்பானூரிலிருந்து சற்றுத் தொலைவிலுள்ள கேரளத் தலைமைச் செயலகத்தில் புதிய அரசு பொறுப்பேற்று அப்போது இரண்டு வாரம்கூட நிறைவடையவில்லை. விளையாட்டுத் துறை அமைச்சராக இருந்த இ.பி.ஜெயராஜன், தொலைக்காட்சி ஒன்றுக்குத் தொலைபேசி வழியாக அளித்த இரங்கலில், கேரளத்துக்குத் தங்கப் பதக்கம் வென்று பெருமை சேர்த்தவர் என்று அலியைக் குறிப்பிட்டுவிட்டார். சமூக வலைதளங்களில் அந்தக் கேலி அடங்கப் பல நாள்கள் ஆயின.

எனினும் அலி இந்த மண்ணுக்கு முற்றிலும் அந்நியரும் அல்லர். 1989-ஆம் ஆண்டு முஸ்லிம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவுக்காக அவர் கோழிக்கோடு வந்திருக்கிறார். அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1980-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், சென்னை நேரு விளையாட்டரங்கில் பெருந்திரளான ரசிகர்கள் முன்னிலையில் காட்சிப் போட்டியில் ஆடினார். முதலமைச்சராக இருந்த எம்.ஜி.ஆருடன் அவர் நிற்கும் புகைப்படம் இன்றும் பகிரப்பட்டு வருகிறது. அன்று அலியை எதிர்த்து மேடையேறியவர் ஜிம்மி எல்லிஸ். இருவரும் லூயிவில் நகரில் வளர்ந்த நண்பர்கள். முன்னாள் உலக ஹெவிவெயிட் சாம்பியன்கள். அவர்களுக்குள் அதிகம் பேசப்படாத மற்றோர் ஒற்றுமையும் உண்டு. இருவருமே எர்னி ஷேவர்ஸ் என்பவரின் வலது கைக் குத்தை வாங்கியவர்கள்.

ஹெவிவெயிட் வரலாற்றில் மிக வலுவான குத்து யாருடையது என்ற விவாதம் ஒரு நூற்றாண்டாக ஓயவில்லை. ஜாக் டெம்ப்சி, ஜோ லூயிஸ், ராக்கி மார்சியானோ, சானி லிஸ்டன், ஜார்ஜ் ஃபோர்மன், மைக் டைசன், டியான்டே வைல்டர் எனத் தலைமுறைக்கு ஒரு பெயர் முன்வைக்கப்படுகிறது. இவர்களில் யாரும் இன்னொரு தலைமுறையின் சிறந்தவரை அவரது உச்சத்தில் சந்தித்ததில்லை. ஆகவே வெற்றிப் பட்டியல்களைக் காட்டிலும், குத்து வாங்கியவர்களின் சொல்லுக்கு இங்கு எடை அதிகம்.

எண்கள் சொல்வது எவ்வளவு?

நாக்-அவுட் விகிதத்தை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் வைல்டருக்கே முதலிடம் தரவேண்டும். 2019 நவம்பர் நிலவரப்படி அவர் பெற்ற 42 வெற்றிகளில் 41 நாக்-அவுட் வெற்றிகள். 2015-இல் முழுச் சுற்றுகளும் தாக்குப்பிடித்து நின்ற பெர்மேன் ஸ்டிவர்ன் என்ற ஒருவரையும் 2017 மறுபோட்டியில் முதல் சுற்றிலேயே வீழ்த்தினார். ஆனால் 2018 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலிஸ் போட்டியின் கடைசிச் சுற்றில் வைல்டர் சாய்த்த டைசன் ஃப்யூரி, நடுவர் எண்ணி முடிக்கும் முன்பே எழுந்து நின்று சண்டையைத் தொடர்ந்தார். அப்போட்டி சமனில் முடிந்தது. அடுத்த இரு போட்டிகளில் வீழ்ந்தவர் வைல்டர்தான். எதிராளியின் தரம் உயரும்போது விகிதம் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு இது போதிய சான்று.

மார்சியானோவின் கணக்கு வேறு வகையானது. 49 போட்டிகள், 49 வெற்றிகள், 43 நாக்-அவுட்கள். 1952 செப்டம்பரில் ஜெர்சி ஜோ வால்காட்டைப் பதின்மூன்றாம் சுற்றில் வீழ்த்திய அந்த ஒற்றை வலது கைக் குத்து, ஹெவிவெயிட் போட்டிகளில் பதிவான மிகத் துல்லியமான குத்துகளுள் ஒன்று. அதுவரை நடுவர்களின் புள்ளிகளில் பின்தங்கியிருந்தவர் மார்சியானோ என்பதை மறந்துவிடக் கூடாது. அவருடைய உடல் எடை ஏறத்தாழ 85 கிலோ மட்டுமே. இன்றைய தொழில்முறை விதிப்படி 90.7 கிலோவைத் தாண்டினால்தான் ஹெவிவெயிட்.

'தி ரிங்' இதழ் 2003-இல் எல்லா எடைப் பிரிவுகளையும் சேர்த்து நூறு வலிமையான குத்தாளர்களைத் தரவரிசைப்படுத்தியது. முதலிடம் ஜோ லூயிஸுக்கு. டெம்ப்சி 7, ஃபோர்மன் 9, ஷேவர்ஸ் 10. இரண்டாம் இடம் பெற்ற சாம் லாங்ஃபோர்டை இன்றைய ரசிகர்களில் பலர் அறியார். ஏறத்தாழ 5 அடி 7 அங்குல உயரமே கொண்டிருந்த இந்தக் கறுப்பின வீரருக்கு, நிறப் பாகுபாட்டின் காரணமாக உலக ஹெவிவெயிட் பட்டத்துக்கான வாய்ப்பே தரப்படவில்லை. 1944-இல் ஒரு செய்தியாளர் தேடிக் கண்டபோது அவர் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் பார்வையிழந்து வறுமையில் வாழ்ந்துகொண்டிருந்தார்.

குத்தை அளந்த ஆய்வகம்

ஒரு ஹெவிவெயிட் குத்தின் விசை எவ்வளவு என்பது வெறும் ஊகத்துக்குரியதன்று. இங்கிலாந்து வீரர் ஃபிராங்க் புரூனோவின் குத்தைக் கருவிகள் பொருத்திய இலக்கில் அளந்த ஆய்வு, 1985-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியானது. இலக்கைத் தொடும்போது முஷ்டியின் வேகம் நொடிக்கு 8.9 மீட்டர், அதாவது மணிக்கு சுமார் 32 கிலோமீட்டர். உச்ச விசை 4,096 நியூட்டன். ஏறத்தாழ 400 கிலோ எடை ஒரு கணம் முகத்தில் அழுந்துவதற்கு நிகர் என்று இதைப் புரிந்துகொள்ளலாம். பஞ்சு சுற்றிய ஆறு கிலோ மரச் சம்மட்டியை அதே வேகத்தில் வீசுவதற்கு ஆய்வாளர்கள் அதனை ஒப்பிட்டனர்.

கையின் வேகம் மட்டும் இவ்விசையைத் தருவதில்லை. பாதத்தில் தொடங்கி, இடுப்பின் சுழற்சி வழியாகத் தோளுக்கு ஏறி வரும் உடலெடையில் எவ்வளவு பங்கு முஷ்டியின் பின்னால் வந்து சேர்கிறது என்பதே வேறுபாட்டை உண்டாக்குகிறது. லூயிஸின் குத்து சில அங்குலத் தொலைவே பயணித்தும் எதிராளி சரிந்தது இதனால்தான். 1938 ஜூன் 22 அன்று ஜெர்மனியின் மாக்ஸ் ஷ்மெலிங்கை அவர் 124 நொடிகளில் முடித்தார்.

தாடையின் ஓரத்தில் விழும் குத்து இன்னும் ஆபத்தானது. தலை சட்டென்று திரும்ப, உள்ளிருக்கும் மூளை ஒரு கணம் பின்தங்குகிறது. மயக்கம் அந்த இடைவெளியில் நிகழ்கிறது. நாம் நாக்-அவுட் என்று கைதட்டுவது, மருத்துவர் கண்ணில் ஒரு மூளைக் காயம்.

பொதுச் சாட்சிகள்

இரண்டு வலுவான குத்தாளர்களிடமும் அடி வாங்கிய ஒருவர் கிடைத்தால் ஒப்பீடு ஓரளவு சாத்தியமாகும். அப்படிப்பட்ட சாட்சிகள் சிலர் உள்ளனர்.

ரான் லைல் 1975 செப்டம்பரில் ஷேவர்ஸுடனும், நான்கு மாதம் கழித்து ஃபோர்மனுடனும் மோதினார். ஃபோர்மன் சாதாரணர் அல்லர். 1973 ஜனவரியில் கிங்ஸ்டனில் ஜோ ஃபிரேசியரை இரண்டே சுற்றுகளில் ஆறு முறை தரையில் வீழ்த்திப் பட்டம் வென்றவர். 1994-இல் தம் 45-ஆம் வயதில் மைக்கேல் மூரரை வீழ்த்தி அதை மீண்டும் கைப்பற்றியவர். அந்த ஃபோர்மனிடம் ஐந்தாம் சுற்றில் தோற்ற லைல், தாம் வாங்கியதிலேயே கடுமையான அடி ஷேவர்ஸுடையது என்று சொன்னார். வியப்பு என்னவென்றால், ஷேவர்ஸுடனான போட்டியில் கீழே விழுந்து எழுந்து, ஆறாம் சுற்றில் வென்றவர் லைல்.

லாரி ஹோம்ஸ் மற்றொரு சாட்சி. 1979 செப்டம்பரில் ஏழாம் சுற்றில் ஷேவர்ஸின் வலது கைக் குத்தில் மல்லாந்து விழுந்தார். எப்படியோ எழுந்து, பதினோராம் சுற்றில் போட்டியையும் வென்றார். 1988 ஜனவரியில் டைசனிடம் நான்காம் சுற்றில் வீழ்ந்த பிறகும், வலுவான குத்து ஷேவர்ஸுடையதே என்ற கருத்தை அவர் மாற்றிக்கொள்ளவில்லை. டைசனுடன் பத்துச் சுற்றுகளும் நின்ற முதல் வீரரான ஜேம்ஸ் டில்லிஸின் வாக்குமூலமும் அதுவே.

டைசன் ரசிகர்கள் இதற்குச் சொல்லும் மறுப்பில் நியாயம் இருக்கிறது. ஹோம்ஸ் ஆடிய 75 தொழில்முறைப் போட்டிகளில் அவரை முடிக்க முடிந்தவர் டைசன் ஒருவரே. ஷேவர்ஸ் வீழ்த்தியபோது எழுந்தவர், டைசன் வீழ்த்தியபோது மீளவில்லை. ஆனால் அப்போது ஹோம்ஸுக்கு வயது 38. ஏறத்தாழ இரண்டாண்டுகள் களத்தை விட்டு விலகியிருந்து திரும்பியவர். மேலும் டைசனின் ஆயுதம் ஒற்றைக் குத்தன்று. மூச்சுவிட இடம் தராமல் வரும் குத்துத் தொடர். ஷேவர்ஸிடம் இருந்தது ஒரு வலது கை. அது பட்டால் போதும். படவில்லையென்றால் அவரிடம் வேறு வழி அதிகமில்லை. ஏறத்தாழ எழுபது நாக்-அவுட்களைக் குவித்தும் அவர் ஒருபோதும் உலக சாம்பியன் ஆகாததற்குக் காரணம் அதுவே. ஒற்றைக் குத்தின் வலிமை என்ற குறுகிய கேள்விக்கு, கிடைக்கும் சாட்சியங்கள் ஷேவர்ஸின் பக்கமே சாய்கின்றன. குத்தைச் சரியான இடத்தில் சேர்க்கும் கலையையும் கணக்கில் கொண்டால் லூயிஸை விஞ்ச ஆளில்லை.

மேடிசன் சதுக்க இரவு

சாட்சிகளில் தலையாயவர் அலி. லிஸ்டன், ஃபிரேசியர், ஃபோர்மன், கென் நார்ட்டன், லைல், ஷேவர்ஸ் ஆகிய அனைவரிடமும் அடி வாங்கிய வேறொருவரைக் காட்டுவது கடினம். 1974 அக்டோபர் 30 அன்று கின்ஷாசாவில் கயிற்றின் மீது சாய்ந்து நின்று ஃபோர்மனின் குத்துகளை வேண்டுமென்றே வாங்கி, அவர் களைத்தபின் எட்டாம் சுற்றில் வீழ்த்தினார். அந்த உத்தியை உலகம் மேதைமை என்று கொண்டாடியது. அதற்கான விலையை அன்று எவரும் கணக்கிடவில்லை.

ஷேவர்ஸைச் சந்தித்தது 1977 செப்டம்பர் 29, நியூயார்க் மேடிசன் சதுக்க அரங்கில். மழித்த தலைக்காக அவரை ஓக் மரக் கொட்டை என்று அலி கேலி செய்திருந்தார். இரண்டாம் சுற்றில் அந்த வலது கை அலியின் தாடையில் இறங்கியது. அலியின் கால்கள் தளர்ந்தன. உடனே அவர், அடிபட்டதுபோல் நடிப்பவராக நடித்தார். கண்களை உருட்டினார், தள்ளாடிக் காட்டினார். இது பொறி என்று நம்பிய ஷேவர்ஸ் நெருங்கத் தயங்கினார். உண்மையிலேயே நிலைகுலைந்திருந்த சாம்பியனைத் தப்பவைத்தது அந்த நாடகம். பதினைந்து சுற்றுகளும் நீடித்த போட்டியில் அலி புள்ளிகளில் வென்றார். அந்தக் குத்து ஆப்பிரிக்காவிலுள்ள தம் உறவினரையும் உலுக்கியிருக்கும் என்று பின்னர் வேடிக்கையாகச் சொன்னார்.

சிரிக்காதவர் ஒருவர் இருந்தார். அலியின் நெடுநாள் மருத்துவர் ஃபெர்டி பச்செகோ. போட்டிக்குப் பிந்தைய பரிசோதனையில் அலியின் சிறுநீரகங்கள் பழுதடைந்து வருவது தெரிந்தது. அறிக்கையின் நகலை இணைத்து, சண்டையை நிறுத்தச் சொல்லி அலிக்கும் அவருக்கு நெருக்கமானவர்களுக்கும் அவர் கடிதம் அனுப்பினார். பதில் வரவில்லை. பச்செகோ அணியிலிருந்து விலகினார்.

சென்னைக்குப் பிறகு

அலி சென்னை வந்தது அந்த இரவுக்கு இரண்டரை ஆண்டுகளுக்குள். ஓய்வு அறிவித்திருந்த அவருக்கு அப்போது 38 வயது. அதே பயணத்தில் 1980 ஜனவரி 27 அன்று தில்லியில் பஞ்சாபைச் சேர்ந்த ராணுவ வீரர் கவுர் சிங்குடன் நான்கு சுற்றுகள் ஆடினார். 1982 தில்லி ஆசிய விளையாட்டில் ஹெவிவெயிட் தங்கம் வென்ற இவர், அலியுடன் மேடையேறிய இந்தியர் என்றே கடைசிவரை அறியப்பட்டு, 2023 ஏப்ரலில் மறைந்தார். காட்சிப் போட்டியில் எவரும் முழு வலுவுடன் குத்துவதில்லை. ஆகவே சென்னையும் தில்லியும் நம் விவாதத்துக்குப் புதிய சான்று எதையும் தரவில்லை. ஆனால் சர்பட்டா, இடியாப்ப நாயக்கர் பரம்பரைகளின் குத்துச்சண்டையைக் கண்டு வளர்ந்த வடசென்னை ரசிகர்களுக்கு, இருபதாம் நூற்றாண்டின் கொடிய குத்துகளையெல்லாம் தாங்கிய இரு உடல்களை ஒரே மேடையில் காணும் வாய்ப்பு அன்று கிடைத்தது.

அலியிடம் பேச்சுக் குழறலும் கைகளில் தடுமாற்றமும் அந்தக் காலத்திலேயே கவனிக்கப்பட்டு வந்தன. ஆயினும் அதே ஆண்டு அக்டோபர் 2 அன்று ஹோம்ஸை எதிர்த்து மீண்டும் களமிறங்கினார். பத்தாம் சுற்றுக்குப் பின் அவரது மூலையிலிருந்தே போட்டி நிறுத்தப்பட்டது. 1981 டிசம்பரில் ட்ரெவர் பெர்பிக்கிடம் தோற்றதே கடைசி. 1984-இல் அவருக்குப் பார்க்கின்சன் நோய் அறிகுறிகள் இருப்பது அறிவிக்கப்பட்டது. வாங்கிய அடிகளுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பின் அளவு குறித்து மருத்துவர்களிடையே இன்றும் ஒருமித்த கருத்தில்லை. குத்துச்சண்டை வீரர்களிடம் காணப்படும் மூளைச் சிதைவை அமெரிக்க மருத்துவர் ஹாரிசன் மார்ட்லாண்ட் 1928-லேயே மருத்துவ இதழில் விவரித்திருந்தார்.

ஜிம்மி எல்லிஸை 1970-இல் ஃபிரேசியர் நான்காவது சுற்றிலும், 1973 ஜூனில் ஷேவர்ஸ் முதல் சுற்றிலும் வீழ்த்தியிருந்தனர். 1975-இல் பயிற்சியின்போது ஒரு கண்ணில் ஏற்பட்ட காயத்தால் அவர் ஓய்வு பெற்றார். முதுமையில் நினைவாற்றலை இழந்து, 2014 மே மாதம் லூயிவில்லில் காலமானார். ஷேவர்ஸும் கண் பாதிப்பாலேயே களத்தை விட்டார். பிற்காலத்தில் இங்கிலாந்தில் குடியேறி லிவர்பூலில் ஒரு மதுக்கூடத்தின் வாயிலில் காவல் பணி பார்த்தார். 2022 செப்டம்பர் 1 அன்று, தம் 78-ஆம் பிறந்தநாளுக்கு மறுநாள் அவர் மறைந்தார்.