ரேகை வைத்த பருவம்: மதுரைச் சீமையில் குழந்தைமையும் குற்றமும்

குழந்தை என்பது வயது சம்பந்தப்பட்ட விஷயம் என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். காலனிய அரசு அப்படி நினைக்கவில்லை. அதைப் பொறுத்தவரை சில குழந்தைகள் பிறக்கும்போதே சந்தேகத்துக்குரியவர்கள்.

1871இல் வட இந்தியாவில் தொடங்கிய குற்றப்பரம்பரைச் சட்டத்தில் 1897இல் ஒரு திருத்தம் செய்தார்கள். நான்கு வயதிலிருந்து பதினெட்டு வயது வரையிலான பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துச் சீர்திருத்தக் குடியிருப்புகளில் வைக்கலாம். 1911ஆம் ஆண்டுச் சட்டம் சென்னை மாகாணத்துக்கும் வந்தபோது இந்தக் கீழ்வயது ஆறானது. பிள்ளை என்ன தப்புப் பண்ணியது என்ற கேள்வியே இதில் இல்லை. யாருக்குப் பிறந்தது என்பது போதும்.

மதுரைக்கு மேற்கே உசிலம்பட்டி வட்டாரத்துப் பிரமலைக் கள்ளர் மீது இச்சட்டம் பாய்ந்தது. சனங்கள் வைத்த பெயர் 'ரேகைச் சட்டம்'. ஆண்கள் பெயரைப் பதிந்து கைரேகை கொடுக்கவேண்டும்; ராத்திரியில் காவல் நிலையத்திலோ சாவடியிலோ போய்ப் படுக்கவேண்டும்; வெளியூர் போக அனுமதிச் சீட்டு வேண்டும். ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3ஆம் தேதி போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்படப் பதினாறு பேர் செத்தார்கள். மதுரையில் வக்கீலாக இருந்த ஜார்ஜ் ஜோசப் இந்தச் சனங்களுக்காக வாதாடினார். 'ரோசாப்பூ துரை' என்று அவரை இன்றைக்கும் நினைவில் வைத்திருக்கிறார்கள். சென்னை மாகாணத்தில் சட்டம் ஒழிய 1947 ஆகிவிட்டது.

இதே காலத்தில் ஜான் பியாஜே என்ற சுவிட்சர்லாந்துக்காரர் கோலிக்குண்டு விளையாடும் பையன்களோடு உட்கார்ந்து, விதி என்பது எங்கிருந்து வருகிறது என்று கேட்டுக்கொண்டிருந்தார். குழந்தையின் ஒழுக்கத் தீர்ப்பு பற்றிய அவருடைய நூல் 1932இல் வந்தது. சின்னப்பிள்ளைக்கு விதி என்பது பெரியவர்கள் கொடுத்தது, மாற்றக்கூடாதது. தவறிப்போய்ப் பதினைந்து கோப்பையை உடைத்தவனா, திருட்டுத்தனம் பண்ணும்போது ஒரு கோப்பையை உடைத்தவனா, யார் பெரிய குற்றவாளி என்று கேட்டால் அது பதினைந்தைத்தான் காட்டும். வளர வளர நோக்கம் கண்ணுக்குப் படுகிறது. இந்த வளர்ச்சி அடியால் உபதேசத்தால் வருவதில்லை, சமமானவர்களோடு விளையாடிச் சண்டைபோட்டுப் பேசித் தீர்ப்பதில்தான் வருகிறது என்பது பியாஜேயின் முக்கியமான முடிவு.

இந்த அளவுகோலை எடுத்துக் குற்றப்பரம்பரைச் சட்டத்தின் மேல் வைத்துப் பாருங்கள். சின்னப்பிள்ளையாவது உடைந்த கோப்பையை எண்ணுகிறது. சட்டமோ நோக்கத்தையும் பார்க்கவில்லை, செயலையும் பார்க்கவில்லை. பிறப்பை மட்டும் பார்த்தது. ஒழுக்கத்தில் முதிராதவர்கள் என்று சனங்களைச் சொன்ன அரசு, தானே பியாஜேயின் முதல் படிக்கும் கீழே நின்றது. களவே செய்யாத அப்பன் ராத்திரியானால் சாவடிக்குப் போவதைப் பார்த்து வளரும் பிள்ளை, குற்றத்துக்கும் தண்டனைக்கும் உள்ள உறவைப் பற்றி என்ன கற்றுக்கொண்டிருக்கும்? சட்டம் என்பது நியாயம் அல்ல, பலம் என்பதைத்தானே!

துப்பாக்கிக்குப் பிறகு பள்ளிக்கூடம் வந்தது. 'கள்ளர் சீரமைப்பு' என்ற பெயரில் பள்ளிகளும் விடுதிகளும் கூட்டுறவுச் சங்கங்களும் தொடங்கப்பட்டன. பெற்றோரின் கையிலிருந்து பிள்ளையை மீட்டு, பணிந்துபோகும் குடிமகனாக ஆக்குவது அரசின் நோக்கம். ஆனால் அதிகாரம் கட்டிய கட்டடத்துக்குள் நுழைந்த சனங்கள் அதைத் தங்கள் தேவைக்குத் திருப்பிக்கொண்டார்கள். காட்டுவேலைக்குப் போன குடும்பங்களிலிருந்து வாத்தியார்களும் குமாஸ்தாக்களும் அதன் வழியே வந்தார்கள். ஒடுக்குமுறையின் கருவி ஏணியாகவும் ஆன இந்த இரட்டைத்தன்மையை விட்டுவிட்டு இந்தப் பள்ளிகளைப் பேசமுடியாது.

இங்கே இன்னொன்றையும் பேசியாகவேண்டும். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சித் தலைவர் பதவிகள் 1996இல் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டன. பத்து வருஷம் அங்கே ஒரு தலித் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்க முடியவில்லை. தேர்தலே நடக்காது, நடந்தால் ஊர் நிறுத்திய ஆள் ஜெயித்த கையோடு ராஜினாமா. 2006இல்தான் அது உடைந்தது. ரேகைச் சட்டத்தில் நசுங்கிய அதே வட்டாரம்தான் இது. பிறப்பைக்கொண்டு அளக்கப்பட்டவர்கள் அடுத்தவனைப் பிறப்பைக்கொண்டு அளந்தார்கள். பட்ட அடி தானாக நியாய உணர்வைக் கற்றுத் தந்துவிடாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். சமமானவனாக எதிரே யாரை உட்கார வைத்தோம் என்பதுதான் கேள்வி.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனை அவனோடு படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதையொட்டி அமைந்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கை, மாணவர்கள் சாதிக்கயிறு கட்டுவதைத் தடுக்கவும், பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியை எடுக்கவும் சொன்னது. 'கள்ளர் சீரமைப்பு' என்ற பெயரும் அதில் வரும். எதிர்ப்பும் வந்தது. போராடிப் பெற்ற பள்ளியின் சரித்திரத்தை அழிக்கிறார்கள் என்கிறார்கள். அந்த வருத்தத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் 'சீரமைப்பு' என்ற சொல்லில் யார் சீர்கெட்டவன் என்ற காலனியத் தீர்ப்பு ஒட்டிக்கொண்டே இருக்கிறதே, அதை ஆறு வயசுப் பிள்ளையின் வருகைப்பதிவேட்டில் எதற்குச் சுமக்கவேண்டும்?

சரித்திரம் பெயர்ப்பலகையில் இருக்கவேண்டியதில்லை, பாடத்தில் இருக்கவேண்டும். பெருங்காமநல்லூரையும் பாப்பாபட்டியையும் ஒரே வகுப்பில், ஒரே பெஞ்சில், எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சேர்ந்து உட்கார்ந்து படிக்கவேண்டும். முதலாவதை மட்டும் சொன்னால் அது சாதிப் பெருமை. இரண்டாவதை மட்டும் சொன்னால் அது மறுபடியும் பழைய போலீஸ் குறிப்பேடு.