ஆற்காட்டில் ஒரு வேண்டுதல், புள்ளலூரில் ஒரு போர்

ரொம்ப நாளா இந்தப் பக்கம் தலை காட்டலை. ஆபீஸில் ஆணி அதிகம். ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனிக்கு மென்பொருள் பார்த்துக்கொள்ளும் வேலை நமக்கு. ராத்திரி ரெண்டு மணிக்கு சர்வர் படுத்தாலும் போன் வரும், சர்வர் எழுந்தாலும் போன் வரும். ஆனா இந்தப் பதிவுக்குக் காரணம் சர்வர் இல்லை, வேற ஒரு ராத்திரி போன்.

கூட வேலை பார்க்கும் நண்பர். நாங்க எல்லாரும் 'பாய்' என்றுதான் கூப்பிடுவோம், அதனால் இங்கேயும் அப்படியே. அவர் மனைவி தலைப்பிரசவத்துக்கு வேலூரில் அம்மா வீட்டில் இருந்தார். ஏழாம் மாசம் முடியறதுக்குள்ள வலி வந்து குழந்தை பிறந்துவிட்டது. எடை ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்காங்க, உடனே வாங்க என்று போன். பாய்க்குக் கை நடுங்குது, ஸ்டியரிங் பிடிக்க முடியாது. ஸ்ரீபெரும்புதூரில் நாங்க இருப்பது பக்கத்துப் பக்கத்துத் தெரு. நான் வண்டியை எடுத்தேன். பின் சீட்டில் அவர் அம்மா, கையில் தஸ்பீஹ் மணி.

சுங்குவார்சத்திரம் தாண்டி, காஞ்சிபுரம் பிரிவு தாண்டி, காவேரிப்பாக்கம் தாண்டும் வரைக்கும் மூணு பேரும் ஒரு வார்த்தை பேசலை. பாலாற்றுப் பாலம் ஏறி இறங்கியதும் பின் சீட்டிலிருந்து குரல் வந்தது.

"ஆற்காடு வந்துடுச்சில்ல? திப்பு அவுலியா தர்காகிட்ட ரெண்டு நிமிஷம் நிறுத்து தம்பி."

பாய் திரும்பாமலேயே சொன்னார்: "அம்மா, கேக்கறத அல்லாகிட்ட நேரா கேளுங்க. நடுவுல ஆள் வேணாம்."

"நான் என்ன அவர்கிட்டயா கேக்கப் போறேன்? அல்லாகிட்டதான் கேக்கறேன். அங்க நின்னு கேக்கறேன். அவ்ளோதான்."

இது அந்த வீட்டில் பல வருஷமா நடக்கிற வாக்குவாதம் என்று எனக்குத் தெரியும். தமிழ்நாட்டில் பாதி முஸ்லிம் வீடுகளில் இந்த வாக்குவாதம் உண்டு. நான் நடுவில் மாட்டிக்கொண்ட டிரைவர். நிறுத்தினேன். அந்த நேரத்தில் கதவு எங்கே திறந்திருக்கும்? தெருவிலேயே முக்காட்டைச் சரி செய்துகொண்டு, ரெண்டு கையையும் ஏந்தி நின்றார். பத்து நிமிஷம் இருக்கும். பாய் இறங்கவில்லை. ஆனா நான் தண்ணி பாட்டிலுக்காகத் திரும்பினப்போ, வண்டிக்குள்ளயே அவர் கையும் ஏந்தித்தான் இருந்தது.

மறுபடி கிளம்பினதும் அம்மா சொன்னார், "ஹைதர் அலியும் அவர் பொண்டாட்டியும் புள்ளைக்காக இங்கதான் வந்து துஆ கேட்டாங்க. அதான் புள்ளைக்கு இவர் பேரு."

அடுத்த ரெண்டு வாரம் ராத்திரியெல்லாம் இதைத்தான் நோண்டிக்கிட்டிருந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து போன் வருமோ என்று தூக்கம் வராதபோது வேற என்ன செய்ய?

அம்மா சொன்னது வெறும் பாட்டிக்கதை இல்லை. திப்புவின் வாழ்க்கையை எழுதியவர்கள் பலரும் இதைச் சொல்லியிருக்கிறார்கள். ஹைதரின் மனைவி பாத்திமா பக்ருன்னிசா. பிள்ளை வேண்டி, நல்லபடியாகப் பிறக்க வேண்டி, ஆற்காட்டில் அடங்கியிருக்கும் திப்பு மஸ்தான் அவுலியா என்ற சூஃபியின் அடக்கத்தலத்துக்கு வந்திருக்கிறார்கள். தேவனஹள்ளியில் பையன் பிறந்தான். பெரும்பாலோர் சொல்லும் தேதி 1750 நவம்பர் 20. 1751 என்போரும் உண்டு. குழந்தைக்கு அந்த அவுலியாவின் பெயர், கூடவே தாத்தா பதே முகம்மதுவை நினைவூட்டும் பதே அலி என்ற பெயர். பிள்ளையை இறைப்பணிக்கே கொடுத்துவிடுவதாக ஹைதர் நேர்ந்துகொண்டார் என்றும் ஒரு கதை உண்டு. கடைசியில் ராஜாங்கத்துக்குத்தான் கொடுத்தார்.

'திப்பு' என்றால் கன்னடத்தில் புலி என்று ஒரு விளக்கத்தைப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். கன்னடத்தில் புலிக்கு 'ஹுலி'. பெங்களூரில் ரெண்டு வருஷம் குப்பை கொட்டிய யாரைக் கேட்டாலும் சொல்வார்கள் :-) புலிச்சின்னம் அவர் பின்னால் தேடிக்கொண்டது. பெயர் ஆற்காட்டிலிருந்து வந்தது.

ஏன் ஆற்காடு? ஹைதருக்கு அது அந்நிய ஊர் இல்லை. அவர் அப்பா பதே முகம்மது ஆற்காட்டு நவாபின் படையில் வேலை பார்த்தவர், அதுவும் ராக்கெட் பிரிவில். ஹைதரோ அப்போது மைசூர் படையில் மேலே வந்துகொண்டிருந்த ஒரு சிப்பாய்த் தலைவர்தான். 1749 தேவனஹள்ளி முற்றுகையில் கொஞ்சம் பெயர் எடுத்திருந்தார், அவ்வளவுதான். அரசரும் இல்லை, நவாபும் இல்லை. பிள்ளைக்கு ஏங்கும் ஒரு படைவீரன் மனைவியுடன் கைநீட்டி நின்றிருக்கிறான். பெரிய ஆளாக ஆன பிறகு எழுதப்படும் சரித்திரத்தில் இந்த இடம் ஒரு வரியில் கடந்துபோய்விடுகிறது.

முப்பது வருஷம் கழித்து அதே ஹைதர் மறுபடி ஆற்காட்டுக்கு வந்தார். இந்த முறை வேண்டிக்கொள்ள இல்லை, பிடிக்க.

1780 ஜூலையில் மைசூர்ப் படை மலையிறங்கி ஆற்காட்டுச் சீமைக்குள் புகுந்தது. எண்பதாயிரம், தொண்ணூறாயிரம் பேர் என்று கணக்குச் சொல்கிறார்கள். வெள்ளைக்காரன் பக்கம் ஹெக்டர் மன்றோ காஞ்சிபுரத்தில் இருந்தார். வடக்கே கும்மிடிப்பூண்டிப் பக்கமிருந்து கர்னல் பெய்லி ஒரு படையோடு வந்து அவருடன் சேர வேண்டும். வழியில் கொசஸ்தலை ஆறு. ஆகஸ்ட் 25ஆம் தேதி பெய்லி வந்தபோது ஆற்றில் தண்ணீர் அதிகம் இல்லை. காலையில் தாண்டிக்கலாம் என்று இக்கரையிலேயே கூடாரம் போட்டார். ராத்திரி மழை. காலையில் வெள்ளம். ஒரு வாரத்துக்கும் மேல் அங்கேயே கிடந்தார்கள். இதை வாசித்தபோது, 'டெப்ளாய்மென்ட்டை நாளைக்குப் பண்ணிக்கலாம்' என்று நான் சொன்ன வெள்ளிக்கிழமைகள் எல்லாம் ஞாபகம் வந்தன.

செப்டம்பர் 6ஆம் தேதி பேரம்பாக்கத்தில் திப்பு அவர்களை மறித்தார். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வடமேற்கே இருக்கும் அதே பேரம்பாக்கம்தான். வயது முப்பதுக்குள். (என் வயசு! நான் இன்னும் டிக்கெட் மூடிக்கிட்டிருக்கேன்.) செப்டம்பர் 10ஆம் தேதி காஞ்சிக்கு வடக்கே புள்ளலூரில் எல்லாம் முடிந்தது. பெய்லியிடம் இருந்தது சுமார் 3800 பேர். மைசூர் ராக்கெட்டுகள் பாய்ந்தன, ஆங்கிலேயரின் வெடிமருந்து வண்டிகள் வெடித்தன. கொஞ்ச தூரத்தில் காஞ்சியில் இருந்த மன்றோ வேளைக்கு வந்து சேரவில்லை. கடைசியில் தன் கனமான பீரங்கிகளைக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டுப் பக்கம் பின்வாங்கினார். இந்தியாவில் கம்பெனிப் படை அதுவரை வாங்கிய அடிகளில் இதுதான் பெரிசு.

தேதியைப் பார்த்ததும் கை அரித்தது. நாமதான் புரோகிராம் எழுதற ஆளாச்சே. கிரிகோரியன் தேதியை ஹிஜ்ரிக்கு மாற்றப் பத்து வரி போதும். 1780 செப்டம்பர் 10 = ஹிஜ்ரி 1194, ரமலான் மாதம், பத்தாம் நாளையொட்டி. பிறை பார்க்கும் கணக்கில் ஒரு நாள் முன்னே பின்னே இருக்கும். அடுத்த வருஷம் அதே புள்ளலூரில் அயர் கூட் ஹைதரோடு மோதிய நாள் 1781 ஆகஸ்ட் 27. அதுவும் ரமலான். அந்தச் சண்டையில் செத்த ரெண்டு வெள்ளை அதிகாரிகளுக்கான கூம்புத் தூண்கள் புள்ளலூர் வயல் பக்கம் நிற்கின்றன. மற்றவர்களுக்குத் தூண் இல்லை.

பாயிடம் இதைச் சொன்னேன். தினமும் பிள்ளையைப் பார்க்க வேலூர் போய்வந்து கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "ரமலான்ல துஆ கபூலாகும்னு சொல்வாங்க" என்றார். உடனே அவரே, "ராக்கெட்டும் இருந்துச்சு இல்ல பாஸ்?" என்றார். அப்புறம் அந்த ஒட்டகக் கதையைச் சொன்னார். நபிகளிடம் ஒருவர், ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாவை நம்பணுமா, அவிழ்த்து விட்டுட்டு நம்பணுமா என்று கேட்டாராம். கட்டிவிட்டு நம்பு என்பது பதில். தவக்குல் என்றால் அதுதான் என்றார். டாக்டர் மானிட்டரைப் பார்த்துக்கொள்ள, இவர் வெளியே வராந்தாவில் தொழுதுகொண்டிருந்த வாரம் அது.

ஆனா இந்த இடத்தில் எனக்கு ஒரு உறுத்தல். வேண்டிப் பெற்ற பிள்ளை புள்ளலூரில் ஜெயித்தான், சரி. அந்த வருஷம் இந்தச் சீமையில் இருந்த குடியானவன் யாரிடம் வேண்டினான்? கம்பெனிப் படைக்கு ஒரு படி நெல்கூடக் கிடைக்கக் கூடாது என்று ஹைதரின் குதிரைப்படை ஊர் ஊராகக் கொளுத்தியது. நவாபும் கம்பெனியும் வரி கறந்த மிச்சத்தை இது துடைத்தது. தொடர்ந்து பஞ்சம். பிழைத்தவர்கள் சென்னைக்கு நடந்தார்கள். அவர்களுக்குக் கஞ்சி ஊற்ற 1782இல் தொடங்கியதுதான் மணியக்காரர் சத்திரம். அதிலிருந்து வளர்ந்ததுதான் ஸ்டான்லி ஆஸ்பத்திரி. வடசென்னையில் பெரியவர்கள் அதைக் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்று சொல்வது இதனால்தான். அந்தக் கஞ்சி வரிசையில் நின்றவர்களில் முருகனைக் கூப்பிட்டவனும் இருந்திருப்பான், அல்லாவைக் கூப்பிட்டவனும் இருந்திருப்பான்.

திப்பு என்றாலே நம்ம ஆட்கள் ரெண்டு கட்சியாகப் பிரிந்து கும்மி ஆரம்பித்துவிடுவார்கள். எனக்கு ரெண்டு கட்சியிலும் இடமில்லை. குடகிலும் மலபாரிலும் அவர் செய்த கட்டாய மதமாற்றங்களை மறைக்க முடியாது. எங்க ஊர் ராமானுஜர் பல வருஷம் வாழ்ந்த மேல்கோட்டையில், அவர் வழிவந்த மண்டயம் ஐயங்கார்கள் தங்கள் முன்னோர்களைத் திப்பு கொன்றது நரக சதுர்த்தசி அன்று என்று சொல்லி, இன்றும் தீபாவளி கொண்டாடுவதில்லை. அதே திப்புதான் 1791இல் மராத்தாப் படை சிருங்கேரி மடத்தைச் சூறையாடியபோது, சாரதை சிலையை மறுபடி நிறுவப் பணம் அனுப்பி, சங்கராச்சாரியாருக்குக் கன்னடத்தில் கடிதம் எழுதினார். தன் நாட்டுக்காக ஜபம் செய்யச் சொல்லிக் கேட்டார். சஹஸ்ர சண்டி ஜபம் நடத்தச் செலவும் கொடுத்தார். அந்தக் கடிதங்கள் 1916இல்தான் வெளியே வந்தன. அரசியல் கணக்கு என்பார்கள். இருக்கலாம். மூணு பக்கமும் எதிரி நெருக்கும்போது ஒரு மனுஷன் எந்தக் கதவையும் விட்டுவைக்க மாட்டான் என்பதும் இருக்கலாம்.

ஏன்னா அடுத்த வருஷம் நடந்ததுதான் அந்த ஆளின் பெரிய சோதனை. 1792இல் காரன்வாலிஸிடம் தோற்று, பாதி நாடும் மூணு கோடியே முப்பது லட்சம் ரூபாயும் கொடுப்பதாக ஒப்புக்கொண்டார். பணம் வந்து சேரும்வரை ரெண்டு மகன்கள் பிணை. அப்துல் காலிக்குக்குப் பத்து வயசு போல, முயிசுத்தீனுக்கு எட்டு. யானை மேல் ஏற்றி அனுப்பினார். சென்னையில் ரெண்டு வருஷம். ஓவியர்கள் அந்தக் காட்சியை வரைந்து தள்ளினார்கள், லண்டனில் நல்ல விற்பனை. 1794இல் கடைசித் தவணை தீர்ந்து பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். அப்பனிடம் ஒப்படைத்த இடம் எது தெரியுமா? தேவனஹள்ளி. ஆற்காட்டில் வேண்டிப் பெற்ற பிள்ளை பிறந்த அதே ஊர்.

அவர் ரகசியமாக ஒரு கனவுக் குறிப்பேடு வைத்திருந்தார். பாரசீகத்தில், தன் கையாலேயே, 1785 முதல் 1798 வரை கண்ட 37 கனவுகள். சொந்த முன்ஷிக்கே அப்படி ஒன்று உண்டு என்று தெரியுமே தவிர பார்த்ததில்லை. செத்த பிறகு படுக்கையறையில் கிடைத்து, லண்டன் போய்விட்டது. மூன்று வெள்ளித் தட்டில் புதுப் பேரீச்சம்பழம் வந்ததாக ஒரு கனவு. மூன்று எதிரிகளின் நாடும் தன் கைக்கு வரும் என்று அதற்குப் பொருள் எழுதி வைத்திருக்கிறார். வரவில்லை. 1799 மே 4 காலையில், நாள் சரியில்லை என்று ஜோசியர்கள் சொன்னதைக் கேட்டு பிராமணர்களுக்கு யானை, எள், பணம் எல்லாம் தானம் கொடுத்து, எனக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்றார். மத்தியானம் ஸ்ரீரங்கப்பட்டணம் கோட்டை விழுந்தது. தாக்குதலை நடத்திய டேவிட் பெயர்ட், புள்ளலூரில் பிடிபட்டு அதே ஊரில் நாலு வருஷம் போல சிறையில் கிடந்தவர். திப்புவின் குடும்பத்தை வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுபோனார்கள். 1806 சிப்பாய்க் கலகத்துக்குப் பிறகு மகன்களைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். குடும்பத்தாரில் சிலர் வேலூரிலேயே அடங்கியிருக்கிறார்கள். ஹைதரோ 1782 டிசம்பரில் சித்தூர் பக்கம் கூடாரத்திலேயே செத்துப்போனார். ஆற்காட்டிலிருந்து அப்படியொன்றும் தூரமில்லை.

துஆ பலித்ததா இல்லையா என்று பாயின் அம்மாவிடம் ஒருநாள் கேட்டுவிட்டேன். கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம்தான். அவர் கோபப்படவில்லை. "புள்ளைய கேட்டாங்க, புள்ளைய குடுத்தான். ராஜ்ஜியத்தைக் கேக்கலியே அங்க" என்றார்.

குழந்தை நாற்பத்தொரு நாள் கண்ணாடிப் பெட்டியில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தது. பெண் குழந்தை. பெயர் சொல்ல மாட்டேன், திப்புவின் அம்மா பெயரில் பாதி என்று மட்டும் சொல்லிக்கிறேன். டாக்டரும் நர்ஸம்மாக்களும்தான் காரணம், அதுக்கு மேல அல்லா என்கிறார் பாய். நேர்ச்சை நேர்ச்சைதான், ஆற்காடு போய் ஏழைகளுக்குச் சாப்பாடு போட்டே ஆகணும் என்கிறார் அம்மா. ஏழைக்குச் சாப்பாடு போட ஆற்காடு வரைக்கும் ஏன், ஸ்ரீபெரும்புதூரிலேயே ஆள் இருக்கே என்கிறார் பாய். மாசக்கணக்கில் இழுத்து, போன வாரம்தான் முடிவாகியிருக்கு. வர்ற ஞாயித்துக்கிழமை காலையில் கிளம்பறோம். பிரியாணி வாலாஜாவில் சொல்லியாச்சு. வண்டி இந்தத் தடவையும் நான்தான் ஓட்டணுமாம்.