ஜெர்மானிய, ஆஸ்திரிய ஃபெல்ட் தொப்பிகள்: சேகரிப்பும் காலக் கணிப்பும்

ஜெர்மனி, ஆஸ்திரியா, 1918 வரை ஆஸ்திரியப் பேரரசுக்குள் இருந்த மொராவியா ஆகிய பகுதிகளில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கி 1960கள் வரை தயாரான ஆண்களுக்கான ஃபெல்ட் தொப்பிகள் இன்று உலகெங்கும் சேகரிக்கப்படுகின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றில் தயாரித்த ஆண்டு குறிக்கப்படவில்லை. ஆகவே தொப்பியின் வயதைச் சேகரிப்பாளரே கணித்தாக வேண்டும். வழக்கத்தில் இந்தக் கணிப்பு வடிவத்தை நம்பியே நடக்கிறது. விளிம்பு அகலமாகவும் ரிப்பன் பட்டையாகவும் இருந்தால் '1930கள்' என்று எழுதிவிடுகிறார்கள். அந்தப் பத்தாண்டுக்கு நல்ல விலையும் கிடைக்கிறது. வடிவத்தைவிட, தொப்பிக்குள் அச்சிட்டிருக்கும் எழுத்துகளே உறுதியான சான்று. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை 'இந்த ஆண்டுக்கு முன்பு இருக்க முடியாது' என்று மட்டுமே சொல்லும். 'இதற்குப் பின்பு இருக்க முடியாது' என்று சொல்லக்கூடியவை மிகச் சில. இந்த இரண்டு வகைச் சான்றுகளையும் பிரித்துப் பார்க்காததுதான் தவறான கணிப்புகள் பெருகக் காரணம்.

ஃபெல்ட் நெய்த துணி அன்று. ரோமத்தைச் சூட்டாலும் ஈரத்தாலும் அழுத்தத்தாலும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளச் செய்து உண்டாக்குவது. மலிவான தொப்பிக்கு ஆட்டு ரோமம். உயர்ந்த தொப்பிக்கு முயல், குழிமுயல், சில வேளைகளில் பீவர் ஆகியவற்றின் மென்ரோமம். முயல் ரோமம் எளிதில் பின்னிக்கொள்ள, அதைப் பாதரச நைட்ரேட் கரைசலில் பதப்படுத்தும் முறை நெடுங்காலம் இருந்தது. பதமான ரோமம் கூம்பு வடிவில் படிந்து, சுருங்கி, சாயமேறி, பிறகு அச்சில் ஏறித் தொப்பியாகும். இதில் சேகரிப்பாளர் மறக்கக் கூடாத செய்தி ஒன்று உண்டு. பெரிய ஆலைகள் பாதி முடித்த கூம்புகளை மற்ற ஊர்த் தொப்பிக்காரர்களுக்கு விற்றன. அவர்கள் அவற்றுக்கு வடிவம் கொடுத்து, ரிப்பனும் நெற்றியில் படும் உள்பட்டையும் தைத்து, தங்கள் கடைப் பெயரைப் பொன்னெழுத்தில் பதித்தார்கள். எனவே உள்ளே இருக்கும் பெயர் தயாரித்தவருடையதாகவும் இருக்கலாம், விற்றவருடையதாகவும் இருக்கலாம். ஃபெல்டின் வயதும் உள்பட்டையின் வயதும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

தொழில் சில ஊர்களில் குவிந்திருந்தது. நைசே ஆற்றங்கரையிலுள்ள கூபெனில் கார்ல் காட்லோப் வில்கே 1822இல் பட்டறை தொடங்கினார். மழையைத் தாங்கும் ஆட்டு ரோமத் தொப்பியை 1854இல் அவர் உருவாக்கியதிலிருந்து அந்த ஊர் ஜெர்மனியின் தொப்பி நகரமாக வளர்ந்தது. உல்மில் 1800இல் தொடங்கிய மாய்சர், ஆல்காய் மலைப் பகுதியின் லிண்டன்பெர்க்கில் இயங்கிய ஓட்மார் ரைக் ஆகியவை தெற்கின் பெயர்கள். லுக்கன்வால்டேயில் எரிக் மெண்டெல்சோன் 1921 முதல் 1923 வரை கட்டிய தொப்பி ஆலை கட்டடக்கலை வரலாற்றிலும் இடம்பெற்றது. மொராவியாவின் நாய்டிட்ஷைனில் ஹூக்கெல், பெஷெல், பேம் குடும்பங்களின் ஆலைகள் இருந்தன. வியன்னாவில் அரண்மனைக்குத் தொப்பி வழங்கிய ஹாபிக் இருந்தது.

வடிவத்தை நம்ப முடியாததற்கு ஹோம்பர்க் தொப்பியே போதிய சான்று. பாட் ஹோம்பர்க் நகருக்கு வந்துபோன வேல்ஸ் இளவரசர் எட்வர்ட் 1880களில் அதைப் பிரபலமாக்கினார். அமெரிக்க அதிபர் ஐசனோவர் 1953இல் பதவியேற்றபோதும் அதே வகைத் தொப்பிதான் அணிந்திருந்தார். ஆல்ப்ஸ் வட்டாரத்துப் பச்சைத் தொப்பி, கயிறும் இறகுமாக, இதைவிடவும் குறைவாகவே மாறியது. விளிம்பின் அகலம் வாங்குபவரின் வயதையும் ஊரையும் பொறுத்தது. கிராமத்து முதியவர் ஒருவர் இளமையில் பழகிய வடிவத்தையே 1955இலும் கேட்டு வாங்கியிருப்பார். வடிவம் ஒரு பத்தாண்டைச் சுட்டுவதாகத் தோன்றினாலும் அதை ஐயமாகவே வைத்திருக்க வேண்டும்.

எழுத்துக்கு வருவோம். 'மேட் இன் ஜெர்மனி' என்ற குறி, 1887இல் பிரிட்டன் இயற்றிய வணிகக் குறிச் சட்டத்தின் விளைவு. டி.ஆர்.பி. என்பது 1877 முதல் வழங்கிய பேரரசுக் காப்புரிமை, டி.ஆர்.ஜி.எம். என்பது 1891இல் தொடங்கிய பயன்பாட்டு வடிவப் பதிவு. டி.பி.பி., டி.பி.ஜி.எம். என்று 'கூட்டாட்சி'யைக் குறிக்கும் எழுத்து இருந்தால் தொப்பி 1949க்கு முந்தியதன்று. அமெரிக்க மண்டலம் என்ற குறிப்பு 1945க்குப் பிந்திய ஆக்கிரமிப்புக் காலத்தது. அரசுடைமை நிறுவனத்தைக் குறிக்கும் வி.இ.பி. கிழக்கு ஜெர்மனியின் அடையாளம். பேரரசர்-அரசர் அவையின் வழங்குநர் என்பதைச் சொல்லும் கே.உ.கே. பட்டம் 1889 முதல் வழக்கில் வந்தது. 1918இல் அவை ஒழிந்துவிட்டதால் அந்தப் பட்டமுள்ள தொப்பி அதற்கு முந்தியதாகத்தான் இருக்கும் என்று பலர் முடிவு கட்டுகிறார்கள். அது பிழை. வியன்னாவின் பழைய கடைகள் இன்றும் அந்தப் பட்டத்தைப் பெருமையோடு வைத்திருக்கின்றன. பட்டம் கீழ் எல்லையைத்தான் தருகிறது.

மேல் எல்லையை ஊர்களின் வரலாறு தருகிறது. பிரெஸ்லாவ், ஸ்டெட்டீன், கோனிக்ஸ்பெர்க் நகரக் கடைகளின் ஜெர்மன் முத்திரை உள்ள தொப்பி 1945க்குப் பிந்தியதாக இருப்பது அரிது. அந்த நகரங்கள் போலந்துக்கும் சோவியத் ஒன்றியத்துக்கும் போயின, ஜெர்மன் மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். நாய்டிட்ஷைன் 1918க்குப் பிறகு செக்கோஸ்லோவாக்கியாவில் இருந்தது, 1938இல் ஜெர்மனியுடன் இணைக்கப்பட்டது, 1945இல் நோவி யிச்சீனாக மீண்டும் செக் ஆட்சிக்குத் திரும்பியது. ஹூக்கெல் ஆலை நாட்டுடைமையாகி டோனாக் நிறுவனத்துள் சேர்ந்தது. ஆகவே 'செக்கோஸ்லோவாக்கியா' என்ற சொல்லும் ஹூக்கெல் பெயரும் சேர்ந்து வந்தால் இரு போர்களுக்கு இடைப்பட்ட காலமே வலுவான முடிவு. இன்னும் துல்லியமான சான்று கூபென். போரின் முடிவில் ஆற்றின் கிழக்குக் கரை போலந்தின் கூபினாயிற்று. மேற்குக் கரை 1961 முதல் 1990 வரை வில்ஹெல்ம்-பீக்-ஸ்டாட் கூபென் என்று அழைக்கப்பட்டது. முழுப் பெயரும் அச்சிட்ட தொப்பிக்கு இரு பக்க எல்லையும் கிடைத்துவிடுகிறது.

எழுத்தை வைத்துக் கணிக்கும் இந்த முறைக்கு மறுப்புகள் உண்டு. உள்பட்டை பிற்காலத்தில் மாற்றப்பட்டிருக்கலாம். பழைய லேபிள்களை ஆலைகள் தீரும்வரை பயன்படுத்தியிருக்கலாம். அகதியாக மேற்கே வந்த கடைக்காரர் 'முன்பு பிரெஸ்லாவ்' என்று போட்டிருக்கலாம். மூன்றும் நியாயமானவை, ஆனால் முறையை வீழ்த்துவன அல்ல. மாற்றிய பட்டையைப் பழைய ஊசித்துளைகளும் மங்காத நிறமும் காட்டிக்கொடுக்கும். லேபிள் இருப்பு சில ஆண்டுகளைத்தான் தள்ளும், பத்தாண்டுகளை அல்ல. 'முன்பு' என்ற சொல் இருந்தால் அதுவே 1945க்குப் பின் என்பதற்குச் சான்றாகிவிடும். புற ஊதா விளக்கில் தையல் நூல் நீலமாக ஒளிர்ந்தால், அதிலுள்ள வெண்மையூட்டி வேதிப்பொருள் போருக்குப் பிந்திய நூல் என்பதைக் காட்டும். அப்போதும் அது தையலின் வயதுதான். நேர்மையான விவரக்குறிப்பு 'சுமார் 1935' என்று எழுதாது. '1919க்கும் 1938க்கும் இடையில், லேபிளின் அடிப்படையில்' என்று எழுதும்.

உள்பட்டையின் எழுத்துகள் காலக் கணிப்புக்கு மட்டும் உதவுவன அல்ல. யூதர்களுக்குச் சொந்தமான தொப்பி ஆலைகளும் கடைகளும் நாஜி ஆட்சியில் பறிக்கப்பட்டுப் பெயர் மாற்றப்பட்டன. அந்தப் பழைய பெயர்களில் சில இன்று ஒரு தொப்பியின் உள்பட்டையில் மட்டுமே எஞ்சியிருக்கக்கூடும். அணிவதற்காகவோ அழகுக்காகவோ கிழிந்த பட்டையைப் பிடுங்கிப் புதியது தைப்பவர்கள் அந்தச் சான்றையே அழிக்கிறார்கள். லிண்டன்பெர்க்கில் 2014இல் திறந்த ஜெர்மன் தொப்பி அருங்காட்சியகம் போன்ற இடங்கள் இருந்தாலும், தொப்பிகளில் பெரும்பகுதி தனியார் கைகளில்தான் இருக்கிறது. பழைய ரோம ஃபெல்டில் பாதரசம் தங்கியிருக்கலாம் என்பதால் கையுறை அணிந்து, காற்றோட்டமான இடத்தில் கையாளுங்கள். உள்பட்டை, லைனிங், அளவுச் சீட்டு, ரிப்பன் முடிச்சு எதையும் அகற்றாதீர்கள். பழுதுபார்த்தே தீர வேண்டுமென்றால் முதலில் படமெடுத்து, கழற்றிய ஒவ்வொரு துண்டையும் தொப்பியோடு சேர்த்து வையுங்கள்.