பால் திரிந்த பெயரும் பள்ளி வழக்கும்

காஞ்சிப்புராணத்தின் முதற்காண்டத்தைப் பாடிய சிவஞான முனிவர், நன்னூல் விருத்தியுரையைத் திருத்தி விளக்கிய இலக்கண ஆசிரியருமாவர். திருக்குறட்கு உரைகண்ட பரிமேலழகரைக் காஞ்சியினர் என்பது மரபு. இவ்விருவரையும் தனக்குரியவராகப் போற்றும் அந்நகரின் பள்ளிகளில், தறியோசை கேட்டு வளர்ந்த மாணவருள் தம்மைத் திருநங்கை என்றோ திருநம்பி என்றோ உணர்ந்தார் ஒருவர் இருப்பின், அவரை ஆசிரியரும் உடன்பயில்வோரும் எச்சொல்லாற் சுட்டுதல் முறை? இவ்வினா இக்காலத்ததே எனக் கருதுவார் பலர். தமிழிலக்கணம் இதனைப் பண்டே ஆராய்ந்துள்ளது என்பதையும், அவ்வாராய்ச்சியின் குறையையும் காட்டுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொல்காப்பியர் கிளவியாக்கத்தின் நான்காம் நூற்பாவில், ஆண்மை திரிந்து பெண்மை நோக்கியோரைக் குறிக்கும் பெயரையும் தெய்வப்பெயரையும் ஒருங்கு வைத்து ஓதுகின்றார். இவற்றுக்கெனத் தனி ஈறு இல்லை. உயர்திணைப் பால் ஈறுகளையே இவை ஏற்கும் என்பது அதன் கருத்து. பன்னிரண்டாம் நூற்பாவிலோ, ஆண்மை திரிந்த பெயர்க்கு ஆண்பால் ஈறு பொருந்தாது என வெளிப்படையாகவே விலக்குகின்றார். உரையாசிரியர்களும் பெண்பாலானும் பலர்பாலானும் முடித்துக் காட்டினர். எனவே, திருநங்கையாகிய மாணவியை 'வந்தான்' என்பது பண்பாட்டுக் குறை மட்டுமன்று. தொல்காப்பியர் விலக்கிய வழுவுமாம்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் இயற்றிய பவணந்தியார் மேலும் ஒருபடி செல்கின்றார். பெண்மையை விட்டு ஆண்மையை விரும்புவோர் ஆண்பால். ஆண்மையை விட்டுப் பெண்மையை விரும்புவோர் பெண்பால் என இரு திறத்தாரையும் அவர் கூறுகின்றார். ஈண்டுப் பாலை வரையறுப்பது பிறப்பன்று, அவாவுதலே என்பது கூர்ந்து நோக்கத்தக்கது. ஆயினும், அந்நூற்பாவின் இறுதிப்பகுதி இவர்களை அஃறிணைபோற் கூறுதற்கும் இடந்தருகின்றது. 'அது' எனச் சுட்டி இழிவுபடுத்தும் வழக்கிற்கு இலக்கணத்திலேயே ஒரு பிளவு இருந்தது என்பதை நாம் மறைத்தல் கூடாது.

இலக்கியத்தும் இவ்விருநிலை உண்டு. சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினோராடலுள் காமன் ஆடிய பேடும் ஒன்று. ஆண்டு அது கலை. திருக்குறளில் முயற்சியின்மையையும் அவையச்சத்தையும் விளக்கப் பேடியின் கைவாள் இருமுறை உவமையாகின்றது. ஆண்டு அது குறை. பின்னர்ப் பேடி என்னும் சொல் கோழையைக் குறிக்கும் வசையாயிற்று. இக்குறள்களைப் பாடஞ்சொல்லும் ஆசிரியர், உவமையின் காலச்சூழலை விளக்காது விடின், வகுப்பில் ஒருவர் தலைகுனிய நேரும்.

அண்மைக்கால வரலாறு சொல்லை மீண்டும் உயர்த்தியது. அரவாணி என்னும் பெயருக்கு மாறாகத் திருநங்கை என்பது அரசு வழக்காயிற்று. 2008-இல் தமிழக அரசு நலவாரியம் அமைத்தது. 2014 ஏப்ரல் 15-இல் உச்சநீதிமன்றம், தம் பாலினத்தைத் தாமே உணர்ந்து கூறும் உரிமையை ஏற்றுத் தீர்ப்பளித்தது. 2019-ஆம் ஆண்டுச் சட்டம், அரசின் நிதியோ ஏற்போ பெற்ற கல்விநிலையங்களில் வேற்றுமை காட்டலாகாது என்றது. 2021-இல் சென்னை உயர்நீதிமன்றம், கல்விச் சான்றுகளிற் பெயரும் பாலினமும் மாற்றிக்கொள்ள வழிசெய்தல் பற்றியும் கூறியது; இழிசொற்களை நீக்கிய கலைச்சொற்பட்டியலின் தேவையையும் வலியுறுத்தியது. 2022-இல் தமிழக அரசு அத்தகைய பட்டியலை வெளியிட்டது.

இனி வகுப்பறைக்கு வருவோம். 'ஒருவர்' என்னும் சொல் இருபாற்கும் உரியது என்றும், ஒருவரைப் பன்மையாற் கூறுதல் வழக்கினால் வந்த உயர்சொல் என்றும் தொல்காப்பியரே கூறியுள்ளார். ஆகவே, ஐயமுள்ளவிடத்து 'அவர்' என்பதே தக்கது. மாணவர் தம் விருப்பை உரைத்தபின், 'அவள்' என்றோ 'அவன்' என்றோ அவர் விரும்பியவாறே சுட்டுதல் நன்னூல் நெறிக்கும் ஒத்ததாம். வருகைப்பதிவில் தம் பெயர் அழைக்கப்படுந்தோறும் நகைப்புக்கு ஆளாகும் மாணவர் நெடுநாள் பள்ளியில் நில்லார். திணைவழு ஏட்டில் நிகழின் திருத்திக்கொள்ளலாம். வகுப்பில் நிகழின் ஒருவரது கல்வியையே அழிக்கும். அதனைத் தடுக்கும் பொறுப்பு, திணையும் பாலும் கற்பிக்கும் தமிழாசிரியருக்கே முதற்கண் உரியது.