நஞ்சில் பிறந்த மருந்து

ஜொகூர் மாநிலத்து ரப்பர்த் தோட்டங்களில், விடியுமுன் பால்மரம் வெட்டச் சென்ற தமிழர்க்குப் பாம்பு என்றும் அச்சந் தருவதாகவே இருந்தது. அவர்தம் வழித்தோன்றல்களுள் பலர் இன்று நாள்தோறும் உட்கொள்ளும் இரத்த அழுத்த மாத்திரைகளுள் ஒருவகை, பாம்பின் நஞ்சு காட்டிய வழியிலே பிறந்தது என்பது வியப்புக்குரிய வரலாறாகும்.

1898ஆம் ஆண்டில், ஸ்டாக்ஹோம் நகரில் டைகர்ஸ்டெட், பெர்க்மன் என்னும் இருவர், முயலின் சிறுநீரகச் சாற்றை வேறு முயல்களுக்குச் செலுத்தினர். அவற்றின் இரத்த அழுத்தம் உயர்ந்தது. அச்சாற்றிலிருந்த பொருளுக்கு அவர்கள் 'ரெனின்' எனப் பெயரிட்டனர். உலகம் அதனை நெடுங்காலம் பொருட்படுத்தவில்லை. 1934இல் அமெரிக்கரான கோல்டுபிளாட், நாய்களின் சிறுநீரகத் தமனியை இறுக்கி அழுத்தம் உயர்வதை மெய்ப்பித்த பின்னரே ஆய்வு மீண்டும் தழைத்தது.

படிப்படியாக உண்மை புலனாயிற்று. சிறுநீரகம் சுரக்கும் ரெனின், கல்லீரல் தரும் புரதமொன்றைப் பிளக்கிறது. அதனால் தோன்றும் முதல் ஆஞ்சியோடென்சின் வலிமையற்றது. நுரையீரலில் மிகுந்துள்ள ஒரு நொதி அதனை இரண்டாம் ஆஞ்சியோடென்சினாக மாற்றுகிறது. இந்த ஹார்மோன் இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. அட்ரீனல் சுரப்பியைத் தூண்டி ஆல்டோஸ்டீரோனைச் சுரக்கச் செய்து, உப்பையும் நீரையும் உடலில் தேக்குகிறது. அழுத்தம் ஏறுவதற்கு வேறென்ன வேண்டும்?

அந்நொதியைத் தடுப்பது எங்ஙனம்? விடை பிரேசில் நாட்டு 'ஜராராக்கா' விரியனிடம் இருந்தது. 1965இல் செர்ஜியோ ஃபெரெய்ரா, குழாய்களை விரிக்கும் பிராடிகினின் என்னும் பொருளின் ஆற்றலை அந்நஞ்சு மிகுவிப்பதைக் கண்டறிந்தார். இலண்டனில் ஜான் வேன் ஆய்வகத்தில் பாக்லே, அந்நஞ்சுக்கூறு அந்நொதியையும் அடக்குவதை 1968இல் காட்டினார். எனினும் அக்கூறு ஊசிவழியன்றிப் பயன்படவில்லை. ஆகவே, குஷ்மன், ஒண்டெட்டி ஆகிய இருவரும் நொதியின் அமைப்பிற்கேற்பச் சிறு மூலக்கூறு ஒன்றை ஆக்கினர். அதுவே 1981இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற கேப்டோபிரில்.

இதற்கு முன்னரே பாரதம் ஒரு கொடை அளித்திருந்தது. சர்ப்பகந்தி வேரின் பயனைப் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் வக்கீல் 1949இல் ஆங்கில மருத்துவ இதழில் எடுத்துரைத்தார். அவ்வேரிலிருந்து 1952இல் பிரிக்கப்பட்ட ரெசர்பின், நரம்பு நுனிகளிலுள்ள நாரட்ரினலின் சேமிப்பை வறளச் செய்து அழுத்தத்தைத் தணித்தது. ஆயினும் சிலரிடம் உளச்சோர்வைத் தோற்றுவித்ததால், அதன் செல்வாக்குக் குறைந்தது.

குறையற்ற மருந்தென ஒன்றில்லை. கேப்டோபிரில் இனத்து மருந்துகள் சிலர்க்கு வறட்டிருமல் தரும். தடுக்கப்பட்ட அந்நொதியே பிராடிகினினையும் அழிப்பதாகலின், அது தேங்குவதே இதற்குக் காரணமாகக் கருதப்படுகிறது. கருவுற்ற மகளிர்க்கு இவை ஆகா. ஆயினும், இருமல் கண்டோ, நோய்க்குறி ஏதும் தோன்றவில்லை என்று கருதியோ மருந்தைத் தாமே நிறுத்துவது பேதைமை. உயர் அழுத்தம் பெரும்பாலும் ஓசையின்றியே உடலைச் சிதைப்பது. சீறும் பாம்புக்கு விலகி நடந்தோரின் மக்கள், சீறாத இப்பகையையும் அறிந்து நடத்தல் வேண்டும்.