ஆசிரியனைப் பற்றி உரைத்தற்கு உரியார்

ஆராய்ச்சி இதழ் ஒன்றுக்குக் கட்டுரை விடுப்போர், அதனோடு கூடத் தம்மைப் பற்றிய சிறு குறிப்பு ஒன்றையும், பிறர் ஒருவர் எழுதினாற் போலப் படர்க்கையில் அமைத்து அனுப்புதல் வேண்டும் என்பது இக்காலத்து நியதி. பெயர், வகிக்கும் பதவி, கற்ற இடம், ஆராயும் துறை, முன்னர் வெளியிட்ட நூல் ஆகியவை அதில் இடம்பெறும். இம்முறை மேல்நாட்டுக் கலாசாலைகளின் வாயிலாக நம்மை வந்தடைந்தது என்பது உண்மையே. ஆயினும், நூல் செய்தவன் இன்னான் என்பதைக் கற்போனுக்குச் சுருங்க அறிவிக்கும் கடமையைத் தமிழ்ப் புலவர் உலகம் நெடுங்காலத்துக்கு முன்பே ஆராய்ந்து, அதனை உரைத்தற்கு உரியார் இவர் என வரையறையும் செய்து வைத்திருக்கிறது.

சங்கப் புலவர் பலருடைய பெயர்களே அவர்தம் சரித்திரச் சுருக்கமாக நிற்கின்றன. மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்னும்போது ஊரும், தந்தையும், தந்தையின் தொழிலும் ஒருங்கே புலனாகின்றன. மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்னும்போது துணி விற்ற கையே செய்யுளும் எழுதிற்று என்று அறிகிறோம்.

இவ்விஷயத்தை முறைப்படுத்தி உரைத்தவர், பதின்மூன்றாம் நூற்றாண்டில் சீயகங்கன் என்னும் அரசன் வேண்ட நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர். நூலின் முகப்பில் நிற்கும் சிறப்புப் பாயிரத்தில் ஆக்கியோன் பெயர், நூல் வந்த வழி, அது வழங்கும் எல்லை, நூலின் பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் ஆகிய எட்டும் விளங்க வேண்டும் என்று அவர் விதிக்கின்றார். எட்டனுள் ஆசிரியனுக்கு நேரே உரியது அவன் பெயர் ஒன்றே. ஏனையவெல்லாம் நூலையும், அது எங்கிருந்து வந்து யாரைச் சேர்கின்றது என்பதையும் பற்றியனவாக இருத்தலை நாம் ஊன்றி நோக்க வேண்டும். இதனினும் சிறந்தது, பாயிரம் உரைத்தற்கு உரியார் யார் என்னும் விதி. ஆசிரியனுக்கு ஆசிரியன், அவனோடு ஒருங்கு கற்றவன், அவன் மாணாக்கன், தகுதி வாய்ந்த உரைகாரன் என்னும் நால்வருமே அதற்கு உரியர். எத்துணை அரிய நூலை இயற்றினும் தன்னைத் தானே புகழ்தல் தகாது என்று விலக்கிய அம்முனிவர், அவ்விலக்குக்கும் நான்கு இடங்களில் விதிவிலக்கு அளித்திருக்கின்றார்: அரசன் அவைக்கு ஓலை விடுக்கும்போதும், தன் ஆற்றலை அறியாதார் இடையிலும், அவையில் வாதிட்டு வெல்ல வேண்டிய பொழுதும், எதிரி தன்னைப் பழித்த காலத்தும் ஒருவன் தன்னைப் புகழ்ந்து கொள்ளலாம். கண்டறியாத பத்திராதிபருக்குக் கட்டுரை விடுக்கும் இளம் ஆராய்ச்சியாளர் தம் தகுதியைத் தாமே எடுத்துரைக்க நேருங்கால் கூச்சமுறுகின்றார்; தன் ஆற்றலை அறியாதார் இடையே என்று முனிவர் அளித்த இரண்டாவது அனுமதி அவருக்கு முற்றும் உரியதென்றே நான் கருதுகின்றேன்.

தொல்காப்பியத்துக்குப் பாயிரம் செய்தவர் பனம்பாரனார். அவரைத் தொல்காப்பியரோடு ஒருங்கு பயின்றவர் என்று பரம்பரை கூறும். நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டாசான் கேட்ப நூல் அரங்கேறிய வரலாற்றை அப்பாயிரம் உரைக்கின்றது. அங்கே ஆசிரியன் அவைநடுவே நின்றான். வினவியவரும் விடையளித்தவரும் ஒருவரையொருவர் கண்டனர். இன்றைய ஆய்விதழ்கள் பலவற்றிலோ, பரிசோதிப்போர் பெயர் அறியாமலே மதிப்பிட வேண்டும் என்னும் நியாயம் கருதி, ஆசிரியர் குறிப்பைத் தனித்தாளில் வாங்கிக் கட்டுரை ஏற்கப்பட்ட பின்னரே அதனோடு சேர்க்கின்றனர். இரண்டும் நடுவுநிலைமையை நாடிய முறைகளே.

அச்சு வந்தபின் சாற்றுகவிகள் பெருகின. வித்துவான்கள் பலரிடம் செய்யுள் வாங்கி நூலின் முன்னே அச்சிடுவது பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெரிய கௌரவம். முகப்புத்தாளிலும் பிறர் சான்றே விளங்கிற்று: யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுகநாவலர் என்பதில் ‘நாவலர்’ என்பது 1849ஆம் ஆண்டில் திருவாவடுதுறை ஆதீனம் வழங்கிய பட்டம். 1857ஆம் ஆண்டில் தோன்றிய சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவரான சி. வை. தாமோதரம் பிள்ளை போன்றோர் காலத்தில், ஆதீனத்தின் பட்டத்தோடு சர்வகலாசாலையின் பட்டமும் புலவர் பெயரை அடுத்து வந்து நிற்கத் தொடங்கியது. இன்றைய குறிப்பில் கலாசாலையின் பெயர் முந்திக்கொண்டு நிற்பதற்கு மூலம் இதுவே.

எனினும், இவ்வகைக் குறிப்புகளுள் நான் தலைசிறந்ததாகப் போற்றுவது உரையாசிரியர் நச்சினார்க்கினியரைப் பற்றி வழங்கும் பழைய வெண்பா ஒன்றனையே. அதில் அவர் அழகோ, குலப்பெருமையோ விரிக்கப்படவில்லை. அவர் உரை கண்ட நூல்கள் மட்டுமே நிரல்பட நிற்கின்றன. தொல்காப்பியம், பத்துப்பாட்டு, கலித்தொகை, சிந்தாமணி என்பவற்றோடு, குறுந்தொகையில் இருபது பாட்டுகளுக்கும் அவர் உரை வரைந்தார் என்று அது தெரிவிக்கின்றது. அவ்விருபதும் பேராசிரியர் உரை எழுதாது விட்டவை என்பர். ஏனைய உரைகள் பெரும்பாலும் நம் கைக்கு வந்து சேர்ந்தன. குறுந்தொகை உரைகளோ, பேராசிரியருடையதும் நச்சினார்க்கினியருடையதும் இரண்டுமே மறைந்து போயின. ஆகவே, 1937ஆம் ஆண்டில் குறுந்தொகையைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், முன்னோர் உரை கிடைக்காமையால், அந்த இருபது உள்ளிட்ட பாட்டுகள் அனைத்துக்கும் தாமே உரை வரைந்தார்.