மண்ணுள் மறைந்த மரத்துறை

ஒரு நகரின் பழமையை ஆராயப் புகுவோர் கோயிலையும் கோட்டையையும் கல்வெட்டையும் நாடுவதே வழக்கம். மரம் உளுத்துப்போகும் பொருளாதலின் அதனைப் பெரிய சான்றாக எவரும் கருதுவதில்லை. ஆயினும், அயர்லாந்தின் தலைநகராகிய டப்ளினிலே ஆயிரம் ஆண்டுப் பழமையை மரமே எமக்குக் காத்துத் தந்திருக்கின்றது. அவ்வரலாற்றை எம் வாலிப அன்பர்களும் பெரியோரும் அறிதல் நன்றென எண்ணி ஈண்டு எழுதுகின்றோம்.

841 ஆம் ஆண்டில் வைக்கிங்குகள் கப்பலேறி வந்து லிஃபி நதிக்கரையிலே பாளையமிறங்கினர். 902 இல் ஐரிஷ் மக்களால் துரத்தப்பட்ட அவர்கள், 917 இல் மீண்டு வந்து நகரமைத்தனர். கொள்ளைக்கு வந்தோர் நாளடைவில் வணிகராயினர். வணிகருக்கு வேண்டுவது நல்ல துறை அன்றோ?

நதியின் தென்கரையில், கிறைஸ்ட் சேர்ச் பேராலயத்தின் கீழ்ச் சரிவுக்கு 'வூட் கீ' என்று பெயர். மரத்துறை என்பதே அதன் பொருள். பெயர் மாத்திரம் நிலைத்திருக்க, பழைய துறை நிலத்தின் கீழ் மறைந்து போயிற்று. 1974 முதல் 1981 வரை தேசிய நூதனசாலையின் சார்பில் பட்ரிக் வாலஸ் அங்கே நடத்திய அகழ்வில், ஒன்றன் முன் ஒன்றாக ஆற்றை நோக்கி நகர்ந்து சென்ற பல கரைகள் வெளிப்பட்டன. பத்தாம் நூற்றாண்டினர் மண்ணணை இட்டு, அதன்மேல் மிலாறு முடைந்த வேலி அமைத்தனர். 1100 ஆம் ஆண்டளவில் கல்மதில் எழுந்தது. 1170 இல் நோர்மானியர் நகரைக் கைப்பற்றியபின் வாணிகம் பெருகிற்று. பெரிய கப்பல்களுக்கு ஆழமான நீர் வேண்டியதாயிற்று.

ஆகவே, 1200 ஆம் ஆண்டளவில் மதிலுக்கு வெளியே, ஆற்றினுள்ளேயே மரச்சுவர் எழுப்பினர். கனத்த ஓக் மரத்தைக் கிடையாக இட்டு, அதிற் குடைந்த துளைகளிலே தூண்களின் கழுந்துகளைச் செருகி நிறுத்தினர். தூண்களின் பின்னே பலகை அடுக்கி, சாய்கால்களும் முட்டுக்கொடுத்தனர். இடைவெளியை நிரப்பியது எது? ஊர்க் குப்பை! தோல் துண்டும் எலும்பும், பிரிஸ்டலிலிருந்தும் பிரான்சிலிருந்தும் வந்து உடைந்த மட்கலங்களும் சேற்றோடு சேர்ந்து நிலமாயின. அரசர்களின் போர்களை எழுதிவைத்தோர் தச்சரையும் தோல்வினைஞரையும் பற்றி விரித்துரைத்தாரல்லர். அவர்களின் வாழ்க்கையைக் குப்பையே கூறுகின்றது. ஈரச் சேற்றிலே காற்றுப் புகாது; காற்றின்றி மரத்தை உக்கச் செய்யும் கிருமிகள் பெருகமாட்டா. உளியின் வெட்டுங்கூட அழியாதிருந்தமைக்கு இதுவே காரணம்.

இத்தகைய செல்வம் வெளிப்பட்ட அதே இடத்திலேதான் மாநகரசபை தன் காரியாலயங்களைக் கட்ட முனைந்து நின்றது. துறவியும் வரலாற்றுப் பேராசிரியருமாகிய எஃப். எக்ஸ். மார்ட்டின் வழக்குத் தொடுத்தார். 1978 இல் உயர்நீதிமன்றம் அவ்விடத்தைத் தேசியச் சின்னமெனத் தீர்த்தது. அவ்வாண்டு செப்டெம்பர் மாதம் ஏறக்குறைய 20,000 மக்கள் ஊர்வலஞ் சென்றனர். 1979 யூனில் கவிஞர்களும் அறிஞர்களும் அகழ்விடத்திற் குடியேறி மறியல் செய்தனர். எனினும், சின்னமென ஏற்கப்பட்டதையே உரிய அதிகாரிகள் இருசாராரும் இசைந்தால் அழிக்கலாமென்று சட்டத்தில் ஒரு வழி இருந்தது, அவ்வழியே சென்றனர். தேசியச் சின்னமென்ற பெயரைக் கொடுத்துவிட்டு அதனை அழிக்கவும் அனுமதிக்கும் சட்டம் விசித்திரமான சட்டமே. 1986 இல் காரியாலயங்கள் எழுந்துவிட்டன. போராட்டம் இடத்தைக் காக்கவில்லை. ஆராய்வதற்குக் காலத்தை வாங்கிக் கொடுத்தது.

அக்காலத்திலே பெற்றவை சிறியன அல்ல. மரத்தின் ஆண்டு வளையங்களை ஒப்புநோக்கி, அது வெட்டப்பட்ட காலத்தைக் கணிக்கும் முறை இன்று உண்டு. மழை மிகுந்த ஆண்டிலே வளையம் அகன்றும், வறண்ட ஆண்டிலே ஒடுங்கியும் அமையும். ஒரு நாட்டு மரங்களிலே அவ்வரிசை ஒத்திருக்கும். 1962 இல் டென்மார்க்கின் ரொஸ்கில்ட் கடற்கழியில் அகழ்ந்தெடுத்த, ஏறக்குறைய 30 மீற்றர் நீளமான போர்க்கப்பலின் பலகைகளை இம்முறையால் ஆராய்ந்தனர். அவை டப்ளினை அடுத்து வளர்ந்த ஓக் மரங்கள் என்றும், கப்பல் 1042 அளவிற் கட்டப்பட்டதென்றும் தெரியவந்தது. அதன் அச்சாக டென்மார்க்கில் ஒரு கப்பல் கட்டினர். 2007 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம், வடகடலைக் கடந்து, அது லிஃபி நதியிலே புகுந்தது.